குரல் மட்டும் காத்திருக்காது

வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் இணைப்பு வந்துவிட்டது. ஒரு குரல் அழைப்புக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். ஆனாலும் திரைப்படம் தங்குதடையின்றி ஓடுகிற அதே இணைப்பில், டொராண்டோவிலிருந்து பேசும் மகளின் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, “நீ சொல்லும்மா”, “இல்லப்பா, நீங்க சொல்லுங்க” என்று மாறி மாறி வழிவிடுவதிலேயே பாதி அழைப்பு போய்விடுகிறது. செம்புக் கம்பியில் வந்த பழைய தரைவழித் தொலைபேசியில் இந்தச் சங்கடம் இருந்ததில்லை. இத்தனைக்கும் அது ஓர் அழைப்புக்கு ஒதுக்கியது நொடிக்கு 64 கிலோபிட் மட்டுமே.

குறைவாகக் கொடுத்த பழைய வலை ஒழுங்காகப் பேசவைத்தது; ஆயிரம் மடங்கு கொடுக்கும் புதிய வலை தடுமாறுகிறது. இது ஏன் என்ற கேள்விக்குப் பொறியாளர்கள் 50 ஆண்டுகளாகப் பதில் தேடி வருகிறார்கள். அவர்கள் கண்ட தீர்வுகளில் சில வென்றன, சில தோற்றன. எவை எங்கே வென்றன என்று பார்த்தால், இன்றைய சிக்கலின் பெரும்பகுதி தொழில்நுட்பத்தில் இல்லை என்பது தெரியவரும்.

ஐம்பது பொட்டலங்கள்

பழைய தொலைபேசி வலை, இருவர் பேசும் நேரம் முழுதும் அவர்களுக்கென்று ஒரு தடத்தை ஒதுக்கி வைத்தது. பேசினாலும் பேசாவிட்டாலும் அந்தத் தடம் அவர்களுடையது. இணையம் அப்படி எதையும் ஒதுக்குவதில்லை. குரலை நறுக்கிச் சிறு பொட்டலங்களாக்கி, மற்ற எல்லாப் பொட்டலங்களோடும் கலந்து அனுப்புகிறது.

1972-ல் வகுக்கப்பட்ட ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 8,000 முறை குரலை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளில் எழுதுவதால் 64 கிலோபிட் வருகிறது. இணையத்தில் அனுப்பும்போது 20 மில்லி விநாடிக் குரலை ஒரு பொட்டலமாகக் கட்டுவது வழக்கம். அதாவது 160 பைட் குரல். அதன் மேல் முகவரி, வரிசை எண், நேரக்குறிப்பு ஆகியவற்றுக்காக 40 பைட் தலைப்பு. இப்படி நொடிக்கு 50 பொட்டலங்கள் போகின்றன. மொத்தம் 80 கிலோபிட். ஜி.729 முறையில் குரல் 8 கிலோபிட்டாகச் சுருங்கிவிடும். ஆனால் தலைப்பு சுருங்காது. 20 பைட் குரலுக்கு 40 பைட் தலைப்பு என்று சரக்கைவிடச் சுமைகூலி இருமடங்காகி, கடைசியில் 24 கிலோபிட் ஆகும்.

எப்படிப் பார்த்தாலும் அளவு சொற்பமே. சிக்கல் அளவில் இல்லை; அந்த 50 பொட்டலங்களும் சீராக, 20 மில்லி விநாடிக்கு ஒன்றாக, உரிய நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதில்தான் இருக்கிறது.

இந்த உண்மை முதல் சோதனையிலேயே வெளிப்பட்டது. 1974-ல் கணினி அறிவியலாளர் டேனி கோஹன் முன்னின்று உருவாக்கிய விதிமுறையின்படி, கலிபோர்னியாவின் தகவல் அறிவியல் நிறுவனத்துக்கும் மாசசூசெட்ஸின் லிங்கன் ஆய்வகத்துக்கும் இடையே, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வழியாகக் குரல் போனது. அர்பாநெட்டின் இணைப்புகள் 50 கிலோபிட் வேகம் கொண்டவை. எனவே குரலைக் கடுமையாகச் சுருக்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய தொல்லை அந்த வலையின் நேர்மை. தொலைந்த பொட்டலத்தை மறுபடி வரவழைத்து, வரிசை மாறாமல் ஒப்படைப்பதை அது கடமையாகக் கொண்டிருந்தது. கோப்புக்கு அது வரம், குரலுக்குச் சாபம். அரை விநாடி கழித்து வந்து சேரும் சொல்லை யாரும் கேட்கப்போவதில்லை, அதற்காகப் பின்னால் வரும் சொற்களும் நிறுத்தப்படும். குரலுக்கு வேறு வழி வேண்டும் என்று கோஹன் வற்புறுத்தினார். ஒரே விதிமுறையாக இருந்தது டிசிபி, ஐபி என்று இரண்டாகப் பிரிந்ததற்கும், 1980-ல் யுடிபி என்ற ‘போனால் போகட்டும்’ விதிமுறை பிறந்ததற்கும் அந்த வாதம் ஒரு முக்கியக் காரணம். இன்றைக்கும் இணைய அழைப்புகள் பெரும்பாலும் யுடிபி மீதுதான் ஓடுகின்றன.

தாமதம், நடுக்கம், இழப்பு

குரலைக் கெடுப்பவை மூன்று.

முதலாவது தாமதம். 2009-ல் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் வெவ்வேறு கண்டங்களின் பத்து மொழிகளில் உரையாடல்களை அளந்தார்கள். ஒருவர் கேள்வி கேட்டு முடித்ததற்கும் மற்றவர் பதில் சொல்லத் தொடங்குவதற்கும் இடைப்பட்ட நேரம், மொழிக்கு மொழி சிறிது மாறினாலும், சராசரியாக 200 மில்லி விநாடி அளவில் இருந்தது. மனிதப் பேச்சின் இயல்பான தாளம் இது. ஒரு திசையில் 200, மறு திசையில் 200 என்று வலை தன் பங்குக்குச் சேர்த்தால் அந்தத் தாளம் உடைகிறது. எதிர்முனைக்காரர் தயங்குகிறார், அல்லது கேட்கவில்லை என்று நினைத்து மறுபடி பேசத் தொடங்குகிறோம். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை, ஒரு திசைத் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பெரும்பாலான பயன்பாடுகளுக்கு நல்லது என்கிறது. 400-ஐத் தாண்டும்படி வலையைத் திட்டமிடக் கூடாது என்கிறது.

அந்த 150 எவ்வளவு விரைவில் கரைகிறது என்று பார்க்கலாம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் போகும். 13,000 கிலோமீட்டர்க் கடலடிக் கேபிள் என்றால் 65 மில்லி விநாடி அங்கேயே போய்விட்டது. எந்த நிறுவனமும் எவ்வளவு பணம் கொட்டினாலும் இதைக் குறைக்க முடியாது. குரலைப் பொட்டலமாக்க 20-க்கு மேல், பெறும் முனையில் சேர்த்துவைத்து ஒலிக்க 40 முதல் 60 வரை. மிச்சம் இருப்பதில்தான் கைபேசியின் இயங்குதளம், வைஃபை, இடைவழி ரூட்டர்கள் எல்லாம் பிழைக்க வேண்டும்.

இந்தக் கணக்கைச் சென்னையும் போர்ட் பிளேரும் நேரடியாக உணர்ந்தன. அந்தமான் நிகோபார் தீவுகளின் தகவல் தொடர்பு நெடுங்காலம் செயற்கைக்கோளையே சார்ந்திருந்தது. புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. குரல் மேலே போய்க் கீழே வர ஒளியின் வேகத்திலேயே 240 மில்லி விநாடி ஆகும். கேள்வி ஒரு முறை, பதில் ஒரு முறை என்றால் அரை விநாடி. 2020 ஆகஸ்ட் 10 அன்று, சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் திறந்துவைக்கப்பட்டது. அதே பயணம் இழைவழியே 10 மில்லி விநாடி அளவுக்குச் சுருங்கியது. அந்தத் திறப்புவிழாவில் பேசப்பட்டது பெரும்பாலும் ஜிகாபிட் கணக்குதான். ஆனால் உரையாடும் மனிதருக்குப் பெரிய மாற்றம் அந்த 230 மில்லி விநாடியில் இருந்தது.

வழி மாறினாலும் தாமதம் கூடும். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே இரண்டு கடலடிக் கேபிள்கள் அறுந்தன. அவற்றுள் ஒன்று, சென்னையிலும் கரையேறும் சீ-மீ-வீ 4. இந்தியாவிலிருந்து மேற்கே போகும் இணையப் போக்குவரத்தின் பெரும் பங்கு தடைபட்டது. மிஞ்சியது கிழக்கே திரும்பி, பசிபிக்கைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தது, உரையாடல்தான் தவித்தது.

இரண்டாவது பகை, துறையினர் ஜிட்டர் என்று சொல்லும் நடுக்கம். 20 மில்லி விநாடிக்கு ஒன்றாகக் கிளம்பிய பொட்டலங்கள் அதே இடைவெளியில் வந்து சேர்வதில்லை. அரை மணி நேரம் எட்டிப் பார்க்காத நகரப் பேருந்து, வரும்போது மூன்றாகச் சேர்ந்து வருவதைப்போலத்தான் இதுவும். ஆகவே பெறும் கருவி வந்ததை வந்தபடியே ஒலிக்காமல், சிறிது நேரம் ஒரு தாங்கியில் தேக்கிவைத்துச் சீராக வெளியிடுகிறது. தேக்கம் பெரிதானால் நடுக்கம் மறையும், தாமதம் கூடும். சிறிதானால் தாமதம் குறையும், பிந்தி வந்த பொட்டலங்கள் வீணாகும். இந்தப் பேரத்திலிருந்து எந்த அழைப்பும் தப்ப முடியாது.

மூன்றாவது இழப்பு. நூற்றில் ஒன்றிரண்டு பொட்டலங்கள் ஆங்காங்கே தொலைந்தால் காது கண்டுகொள்வதில்லை. அதே எண்ணிக்கை அடுத்தடுத்துத் தொலைந்தால் ஒரு முழு அசையே காணாமல் போகும். ‘வரேன்’, ‘வரலேன்’ இரண்டுக்கும் நடுவே ஓர் அசைதான் வேறுபாடு. சராசரி இழப்பு விகிதத்தை மட்டும் பார்த்து அழைப்பின் தரத்தை மதிப்பிட முடியாமைக்குக் காரணம் இதுவே.

காதுக்கு மதிப்பெண்

தரத்தை அளப்பது எப்படி? மிகப் பழைய வழி மனிதர்களைக் கேட்பது. அறையில் ஆட்களை அமர்த்தி ஒலிப்பதிவுகளைக் கேட்கவைத்து 1 முதல் 5 வரை மதிப்பெண் இடச் சொல்வார்கள். அதன் சராசரிதான் துறையில் எம்ஓஎஸ் என்று வழங்குகிறது. 4-க்கு மேல் இருந்தால் பழைய தொலைபேசிக்கு நிகர். 3-க்குக் கீழே போனால் பொறுமை சோதிக்கப்படும்.

ஒவ்வோர் அழைப்புக்கும் ஆட்களை உட்காரவைக்க முடியாது என்பதால் கணினி வழி அளவீடுகள் வந்தன. 2001-ல் பெஸ்க், 2011-ல் போல்கா ஆகிய முறைகள் அனுப்பிய ஒலியையும் பெற்ற ஒலியையும் ஒப்பிட்டு மதிப்பெண்ணைக் கணித்தன. ஒலியையே கேட்காமல், தாமதம், இழப்பு, குறியாக்க முறை ஆகியவற்றை வைத்துக் கணக்குப் போடுவது ஜி.107 என்ற இ-மாதிரி. அது முழு மதிப்பிலிருந்து ஒவ்வொரு குறைக்கும் கழித்துக்கொண்டே வந்து ஆர்-மதிப்பு என்ற எண்ணைத் தரும். எல்லாம் சரியாக இருந்தால் 93.2. ஜி.729-ஐப் பயன்படுத்தினால் அதற்காக மட்டும் 10 கழியும். 80-க்கு மேல் பயனர் நிறைவு. 70-க்குக் கீழே பலருக்கு மனக்குறை. 50-ஐ நெருங்கினால் ஏறக்குறைய எல்லாருக்கும்.

எனவே இணைய அழைப்பின் தரம் அவரவர் மனநிலையைப் பொறுத்தது என்ற பேச்சு செல்லாது. அதை அளக்க முடியும், ஒப்பிட முடியும், சட்டத்தில் எழுதவும் முடியும்.

பொதுவழியில் தோற்ற முன்னுரிமை

குரலுக்கு இணையம் தனி மரியாதை தரட்டும் என்ற எண்ணம் 1990-களில் வலுத்தது. இஸ்ரேலின் வோகல்டெக் நிறுவனம் 1995-ல் ‘இன்டர்நெட் ஃபோன்’ மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அயல்நாட்டு அழைப்பின் கட்டணத்தைத் தவிர்க்க மக்கள் மோசமான ஒலியையும் பொறுத்துக்கொண்டார்கள். அன்றைய இணைப்புகளில் மோசமாக இருந்ததற்குக் காரணம் எளிது: 128 கிலோபிட் இணைப்பில் 1,500 பைட் கொண்ட ஒரே ஒரு வலைப்பக்கப் பொட்டலம் வெளியேற 94 மில்லி விநாடி ஆகும். அதன் பின்னால் நின்ற குரல் பொட்டலத்தின் கதி அவ்வளவுதான்.

முதல் தீர்வு முன்பதிவு. 1994-ல் வகுத்த இன்ட்செர்வ் திட்டப்படி, அழைப்பு தொடங்குமுன் வழியிலுள்ள ஒவ்வொரு ரூட்டரிடமும் இடம் கேட்டு வாங்க வேண்டும். கொள்கையில் கச்சிதம், நடப்பில் இணையத்தின் நடுவிலுள்ள ரூட்டர்கள் லட்சக்கணக்கான அழைப்புகளின் கணக்கைத் தனித்தனியே நினைவில் வைக்க வேண்டும். இணைய அளவில் அது நடக்கவில்லை.

இரண்டாவது தீர்வு எளிமையானது. 1998-ல் வந்த டிஃப்செர்வ் முறையில் பொட்டலத்தின் தலைப்பிலேயே ஒரு குறி இடப்படும். குரலுக்கு வழக்கமான குறி 46. அதைப் பார்க்கும் ரூட்டர் அந்தப் பொட்டலத்தை முன்னால் விடும். அலுவலக வலைகளிலும் அழைப்பு மையங்களிலும் இது அருமையாக வேலை செய்தது, இன்றும் செய்கிறது. ஆனால் ஒரு நிறுவனத்தின் எல்லையைத் தாண்டியதும் குறியை மதிக்க அடுத்த நிறுவனத்துக்கு என்ன கட்டாயம்? எல்லாரும் தங்கள் பொட்டலத்துக்கு 46 போட்டுக்கொண்டால் முன்னுரிமைக்கு என்ன பொருள்? ஆகவே பல வலைகள் வெளியிலிருந்து வரும் குறியை நுழைவாயிலிலேயே அழித்துவிடுகின்றன.

இந்தத் தோல்விக்கு நேர்மையான பிரேதப் பரிசோதனை ஒன்றும் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இன்டர்நெட்2 கூட்டமைப்பு, வலைகள் பலவற்றைத் தாண்டி உறுதியான தரம் தரும் ‘க்யூபோன்’ சேவையைக் கட்ட முயன்றது. 2002-ல் அதைக் கைவிட்டது. அதில் பணியாற்றிய பென் டைட்டல்பாமும் ஸ்டானிஸ்லவ் ஷலுனவும் காரணங்களை எழுதிவைத்தார்கள்: வழியிலுள்ள எல்லாரும் ஒரே நேரத்தில் மாற வேண்டும், நிறுவனங்களுக்கிடையே புதிய வணிக ஒப்பந்தங்கள் வேண்டும், நெரிசல் இல்லாத நேரத்தில், காசு கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் வேறுபாடே தெரியாது. கூடுதலாக இழையைப் போட்டு நெரிசலையே தவிர்ப்பது அதைவிட மலிவாக இருந்தது. இணையத்தின் நடுப்பகுதி அந்த வழியில்தான் போனது.

சொந்த வலையில் சொன்ன சொல்

முன்னுரிமை வென்ற இடம், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே நிறுவனத்தின் கையிலுள்ள வலை. 4ஜி வலையில் குரல் தரும் வோல்டி அதற்குச் சான்று. 4ஜி என்பது முழுக்க ஐபி வலை. அதில் பழைய தொலைபேசித் தடம் கிடையாது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ தன் சேவையை 2ஜி, 3ஜி எதுவும் இல்லாமல் தொடங்கியபோது, அதன் ஒவ்வொரு குரல் அழைப்பும் பொட்டலங்களாகவே போனது.

அது இயன்றதற்குக் காரணம், 4ஜி தரநிர்ணயம் குரலுக்கென்று ஒதுக்கிய தனி வகுப்பு. அந்த வகுப்பில் தாமதம் 100 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும். நூற்றில் ஒரு பொட்டலம் வரை தொலையலாம். வலைப்பக்கம், பதிவிறக்கம் போன்ற சாதாரணத் தரவுக்கான வகுப்பிலோ 300 மில்லி விநாடி காத்திருக்கலாம். இழப்பு பத்து லட்சத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது. குரலுக்கும் தரவுக்கும் உள்ள இயல்பான முரண் இந்த இரண்டு வரிகளில் அடங்கிவிட்டது. கோபுரத்தின் கீழே எத்தனை பேர் கிரிக்கெட் நேரலை பார்த்தாலும், ஒதுக்கிய வகுப்பில் போகும் அழைப்புக்கு இடம் உண்டு.

அதே கைபேசியில், அதே கோபுரத்தின் கீழே போகும் வாட்ஸ்அப் அழைப்புக்கு அந்த ஒதுக்கீடு இல்லை. அது சாதாரணத் தரவு. நிறுவனத்தின் அழைப்பே ஆனாலும், வைஃபை காலிங் முறையில் வீட்டு இணைப்பு வழியாகப் போகும்போது இந்த உறுதி வாசலிலேயே நின்றுவிடுகிறது. கைபேசித் திரையில் நிறுவனத்தின் பெயர் தெரியும். குரலோ பக்கத்து அறையில் ஓடும் காணொளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்.

முனைகளில் நடந்த வேலை

வலை கைவிரித்ததால் சுமை முனைகளுக்கு வந்தது. இணைய அழைப்பு இன்று இவ்வளவு பரவியதற்குக் காரணம் அங்கே நடந்த உழைப்புதான்.

2003 ஆகஸ்டில் வெளிவந்த ஸ்கைப், பழைய தொலைபேசியைவிட அகன்ற அலைவெண்களில் குரலைக் கடத்தி, ‘பக்கத்தில் இருப்பதுபோல் கேட்கிறது’ என்ற வியப்பைத் தந்தது. அதன் ஆரம்பப் பதிப்புகளில் இருந்த குரல் நுட்பம் ஜிப்ஸ் என்ற நிறுவனத்துடையது. அந்நிறுவனத்தின் நெட்ஈக்யூ என்ற தாங்கி, தேக்கத்தின் அளவைக் கணத்துக்குக் கணம் மாற்றும். பொட்டலங்கள் பிந்தினால் ஒலியைக் காதுக்குத் தெரியாமல் நீட்டும், குவிந்தால் சற்றே விரைவுபடுத்தும். 2010-ல் ஜிப்ஸை வாங்கிய கூகுள், மறு ஆண்டே அந்த நுட்பங்களை வெப்ஆர்டிசி என்ற பெயரில் திறந்த மூலமாக வெளியிட்டது. உலாவியிலேயே பேச முடிவது அதன் பயன். ஸ்கைப் 2025 மே 5 அன்று மூடப்பட்டாலும், அதன் சில்க் என்ற குறியாக்க முறை ஓப்பஸில் கலந்து உயிரோடு இருக்கிறது. 2012-ல் பொதுத்தரமாக அறிவிக்கப்பட்ட ஓப்பஸ், நொடிக்கு 6 கிலோபிட் முதல் 510 கிலோபிட் வரை நிலைமைக்கேற்ப ஏறி இறங்கும். முந்தைய பொட்டலத்தின் சுருக்கமான நகலை அடுத்த பொட்டலத்தில் சேர்த்து அனுப்பவும் அதனால் முடியும்; ஒன்று தொலைந்தாலும் அடுத்தது வந்து கைகொடுக்கும்.

இந்த உழைப்பு எவ்வளவு தேவைப்படுகிறது என்பதற்கு 2020-ல் கூகுள் வெளியிட்ட புள்ளிவிவரம் போதும். அதன் டுவோ செயலியில் நடந்த அழைப்புகளில் 99 விழுக்காடு ஏதோ ஒரு வகையில் இழப்பையோ நடுக்கத்தையோ தாமதத்தையோ சமாளிக்க வேண்டியிருந்தது. அவற்றில் 20 விழுக்காடு அழைப்புகளில் மொத்த ஒலியில் 3 விழுக்காட்டுக்கு மேல் தொலைந்தது. 10 விழுக்காட்டில் 8 விழுக்காட்டுக்கு மேல். ஆக, குறையில்லாத அழைப்பு என்று ஒன்று அனேகமாக இல்லை. குறை தெரியாமல் மறைக்கப்பட்ட அழைப்புதான் உண்டு. அதே ஆண்டு கூகுள், விடுபட்ட ஒலியை 120 மில்லி விநாடி வரை ஊகித்து நிரப்பும் செயற்கை நுண்ணறிவு மாதிரியை அந்தச் செயலியில் சேர்த்தது. 2024-ல் வந்த ஓப்பஸ் 1.5 பதிப்பும் இழப்பை ஈடுகட்ட அதே வகை நுட்பத்தைக் கையாளுகிறது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அசையை ஊகித்து நிரப்பலாம். பேசியவர் சொன்ன தொகை பதினைந்தா இருபத்தைந்தா என்பதை எந்த மாதிரியும் ஊகிக்கக் கூடாது. மறைப்புக்கும் கற்பனைக்கும் நடுவே உள்ள கோட்டை, நிரப்பும் கால அளவைச் சிறிதாக வைத்தே பொறியாளர்கள் காக்கிறார்கள்.

வீட்டு ரூட்டரில் வரிசை

நடுவழி அகன்றுவிட்டது, முனைகள் தேறிவிட்டன. பிறகும் அழைப்பு அறுபடுவது ஏன்? பல வீடுகளில் பதில் மூலையில் கண்சிமிட்டும் பெட்டிக்குள் இருக்கிறது.

2010-ல் பெல் ஆய்வகப் பொறியாளர் ஜிம் கெட்டிஸ், தன் வீட்டிலிருந்து பெரிய கோப்பொன்றை அனுப்பும்போது இணைப்பின் தாமதம் ஒரு விநாடியைத் தாண்டுவதைக் கவனித்தார். துருவிப் பார்த்ததில், நினைவகம் மலிவானதால் ரூட்டர், மோடம் தயாரிப்பாளர்கள் அளவுக்கு மீறிய தாங்கிகளைப் பொருத்தியிருந்தது தெரிந்தது. பொட்டலம் தொலையக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் டிசிபி விதிமுறை, இழப்பைப் பார்த்தே நெரிசலை உணர்ந்து வேகத்தைக் குறைக்கும். இழப்பே தெரியாவிட்டால் அது தாங்கி நிரம்பும்வரை அனுப்பிக்கொண்டே இருக்கும். கணக்குப் போட்டால், நொடிக்கு 1 மெகாபிட் பதிவேற்ற வேகத்தில் 256 கிலோபைட் தாங்கி நிரம்பினால் அதன் கடைசியில் நிற்கும் குரல் பொட்டலம் வெளியேற 2 விநாடிக்கு மேலாகும். கைபேசி தன் ஒளிப்படங்களை மேகச் சேமிப்புக்கு அனுப்பத் தொடங்கும் அந்த நேரத்தில்தான் ‘கேக்குதா, கேக்குதா’ என்ற கூச்சல் எழுகிறது.

பஃபர்ப்ளோட் என்று பெயர் பெற்ற இந்த நோய்க்கு மருந்தும் விரைவில் கிடைத்தது. கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-ல் வெளியிட்ட கோடெல் முறை, வரிசையின் நீளத்தைப் பார்ப்பதில்லை. ஒரு பொட்டலம் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்க்கிறது. காத்திருப்பு 5 மில்லி விநாடிக்கு மேல் நீடித்துக்கொண்டே போனால் சில பொட்டலங்களைக் கைவிட்டு, அனுப்புநரை வேகம் குறைக்கவைக்கும். அதன் மேம்பட்ட வடிவமான எஃப்க்யூ-கோடெல், ஒவ்வோர் இணைப்புக்கும் தனி வரிசை தந்து, மெலிந்த குரல் ஓட்டத்தைப் பருத்த பதிவேற்றத்திலிருந்து காக்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற திறந்த மூல ரூட்டர் மென்பொருளில் இது இலவசமாகவே கிடைக்கிறது. 2023-ல் எல்4எஸ் என்ற அடுத்தகட்டக் கட்டமைப்பும் வரையறுக்கப்பட்டுவிட்டது. மருந்து வந்து பத்தாண்டுக்கு மேலாகியும் எல்லா வீட்டுப் பெட்டிகளுக்கும் அது வந்து சேரவில்லை. விளம்பரத்தில் எம்பிபிஎஸ் எண் இருக்கிறது, நெரிசல் நேரத் தாமதத்துக்கு இடமில்லை.

வேண்டுமென்றே கெடுப்பதும் தடுப்பதும்

அழைப்பின் தரம் எப்போதும் தற்செயலாகக் கெடுவதில்லை. 2005-ல் அமெரிக்காவின் மேடிசன் ரிவர் என்ற தொலைபேசி நிறுவனம், தன் இணைய வாடிக்கையாளர்கள் வோனேஜ் என்ற இணையத் தொலைபேசிச் சேவையைப் பயன்படுத்த முடியாமல் தடுத்தது. அந்நாட்டு ஆணையத்தின் விசாரணைக்குப் பின் 15,000 டாலர் செலுத்தித் தடையை விலக்கிக்கொண்டது. இந்தியாவில் 2014 டிசம்பரில் ஏர்டெல், இணைய அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களிலேயே பின்வாங்கியது. அதையொட்டி மூண்ட விவாதத்தில் 2015-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய்க்குப் பத்து லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல்கள் குவிந்தன; 2016 பிப்ரவரியில் பாகுபாடான தரவுக் கட்டணங்களுக்குத் தடை வந்தது. வளைகுடாவில் வேலை செய்யும் தமிழர்களுக்கோ இணைய அழைப்புத் தடை அன்றாடச் செய்தி. சவுதி அரேபியா 2017-ல் தடையைத் தளர்த்தியது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு நெடுங்காலமாகத் தடுக்கப்பட்டு, உரிமம் பெற்ற செயலிகளே அனுமதிக்கப்பட்டு வருகின்றன. அங்கே சேவைத் தரத்தைத் தீர்மானிப்பது பொட்டலமோ தாங்கியோ இல்லை, அரசின் கொள்கை.

எண்ணோடு வந்த பொறுப்பு

தரத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு மிகத் தெளிவான பதில் சொன்ன நாடு ஜப்பான். 2002 வாக்கில் அது இணையத் தொலைபேசியை மூன்று வகுப்புகளாகப் பிரித்தது. ஆர்-மதிப்பு 80-க்கு மேல், தாமதம் 100 மில்லி விநாடிக்குள் என்றால் முதல் வகுப்பு. வழக்கமான தரைவழி எண் அதற்கே. ஆர்-மதிப்பு 50-க்கு மேல், தாமதம் 400-க்குள் என்ற கடைசி வகுப்புக்கு 050 என்று தொடங்கும் எண். எண்ணைப் பார்த்தாலே எந்தத் தரத்தை எதிர்பார்க்கலாம் என்று வாடிக்கையாளருக்குத் தெரிந்தது.

பிரிட்டன் வேறொரு பாடத்தைக் கற்றது. பழைய செம்புக்கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் நிலையத்திலிருந்தே வந்தது. வீட்டில் மின்வெட்டு ஆனாலும் அது ஒலித்தது. இணையத் தொலைபேசி, ரூட்டர் அணைந்ததும் இறந்துவிடும். தரைவழியையே நம்பியிருப்போருக்கு, மின்வெட்டில் குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்புக்கு வழி இருக்க வேண்டும் என்று அங்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் வரையறுத்தது. முதியோர் கழுத்தில் அணியும் அவசர அழைப்புக் கருவிகள் சில, செம்பிலிருந்து இணையத் தொலைபேசிக்கு மாறும்போது செயலிழந்ததால், 2025 டிசம்பருக்குள் முடிக்கத் திட்டமிட்ட முழு மாற்றம் 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. பேசும்போது தெளிவாகக் கேட்பது மட்டும் தரம் ஆகாது. ஆபத்தில் இணைப்பு கிடைப்பதும் தரத்தில் சேர்ந்ததே.

இந்தியாவில் கணக்கு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. கைபேசி அழைப்பு அறுபடும் விகிதம் 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது ட்ராயின் வரம்பு. 2024 அக்டோபர் 1 முதல் தரைவழி, கைபேசி, அகன்ற அலைவரிசை மூன்றுக்கும் ஒரே சேவைத் தர ஒழுங்குமுறை நடைமுறைக்கு வந்துள்ளது. இணையத் தொலைபேசியைப் பொறுத்தவரை, 2017-ல் தந்த பரிந்துரையில் ட்ராய் தரத்தை நிறுவனங்களின் முடிவுக்கே விட்டது. செயலி வழி அழைப்புகள் இந்த வரம்புகளுக்குள் வருவதில்லை. அவற்றை வரம்புக்குள் கொண்டுவருவதும் நியாயமாகாது. செயலி நிறுவனத்துக்குச் சொந்தமில்லாத ரூட்டருக்கும் கேபிளுக்கும் அதைப் பொறுப்பாக்க முடியாது.

பொறுப்பாக்கக் கூடியவர், வீட்டுக்கு இணைப்பும் பெட்டியும் தருபவர். அவரிடம் கேட்க வேண்டியது ஒரே ஓர் எண்: இணைப்பு முழு வேகத்தில் உழைக்கும்போது தாமதம் எவ்வளவு? அதை அளப்பது கடினமில்லை. 2021 முதல் மேக் கணினிகளில் அந்த அளவீட்டுக் கருவி இயங்குதளத்தோடு சேர்ந்தே வருகிறது. எம்பிபிஎஸ் எண்ணுக்குப் பக்கத்தில் இந்த எண்ணையும் விளம்பரத்திலும் ரசீதிலும் அச்சிட வேண்டும் என்று ட்ராய் கட்டாயமாக்கினால், கோடெல் இல்லாத ரூட்டர் சந்தையில் நிற்காது. அது வரும்வரை வாசகர் தாமே செய்யக்கூடியவை சில உண்டு: புதிய இணைப்பு வாங்குமுன் ரூட்டரில் வரிசை மேலாண்மை வசதி இருக்கிறதா என்று கேட்பது, முக்கியமான அழைப்புக்கு வைஃபையை விட்டு ஈதர்நெட் கம்பியைப் பயன்படுத்துவது, பேசும் நேரத்தில் மேகச் சேமிப்புப் பதிவேற்றத்தை நிறுத்திவைப்பது, பெரிய கோப்பை அனுப்பிக்கொண்டே தாமதத்தைச் சோதித்து, முடிவைப் புகாரோடு இணைத்து அனுப்புவது.